ஊரில் சி.எஸ்.ஐ., சிங்கப்பூரில் எந்தச் சபை?

பாளையங்கோட்டையிலிருந்து வந்து பொங்கோலில் குடியேறி ஆறு மாதமாகும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நான் சி.எஸ்.ஐ. மனைவி வீட்டார் பெந்தெகொஸ்தே. மூன்று வயதில் மகள் இருக்கிறாள். இங்கே சி.எஸ்.ஐ. இல்லை என்கிறார்கள். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், ஆர்.சி., ஏ.ஜி. என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவற்றுக்குள் என்ன வித்தியாசம்? நாங்கள் எதில் சேர்வது?"

தம்பி, நான் நாசரேத் பக்கத்துக்காரன். 1996-ல் இங்கே வந்து இறங்கியபோது இதே கேள்வியோடு இரண்டு வருடம் அலைந்தேன். என் வீட்டுக்காரி தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பம். அதனால் உங்கள் வீட்டுச் சிக்கல் எனக்கு ஓரளவு புரிகிறது.

இங்கே சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்குத் திருமண்டலம் கிடையாது என்பது உண்மை. ஆனால் சி.எஸ்.ஐ. எதனால் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்ற நான்கு மரபுகள் ஒன்றாகச் சேர்ந்ததுதான் நம் திருச்சபை. நாடு விடுதலையாகி அப்போது ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அந்தச் சேர்க்கை சிங்கப்பூரில் நடக்கவில்லை. ஊரில் ஒரே குழம்பாகக் கொதித்தது இங்கே தனித்தனிக் கிண்ணத்தில் இருக்கிறது. உங்கள் நாக்குக்குப் பழகிய சுவை எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க, உங்கள் ஊர்க் கோயிலை எந்த மிஷன் கட்டியது என்று பாருங்கள். திருநெல்வேலியில் வேலை செய்தவை சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு மிஷன்கள். இரண்டும் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி. அதனால்தான் பாளையங்கோட்டைக் கோயில்களில் அங்கி, ஜெபப் புத்தகம், முழங்காலிடுதல், பேராயர் வந்து தலையில் கைவைக்கும் திடப்படுத்தல் எல்லாம் அவ்வளவு அழுத்தமாக இருக்கின்றன. கன்னியாகுமரிக்காரர்களுக்கு இது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், அவர்கள் எல்.எம்.எஸ். என்ற லண்டன் மிஷன் வழி, காங்கிரிகேஷனல் வாசனை. மதுரைப் பக்கம் அமெரிக்கக் காங்கிரிகேஷனல் மிஷன். மூன்று பேரும் சி.எஸ்.ஐ. என்றுதான் சொல்வார்கள், ஆனால் இங்கே வந்து ஆங்கிலிக்கன் ஆராதனையில் உட்கார்ந்தால் நெல்லைக்காரருக்கு வீட்டுக்கு வந்தது போலவும், மார்த்தாண்டத்துக்காரருக்கு 'ஏன் இத்தனை தடவை எழுந்து உட்கார வேண்டும்' என்றும் இருக்கும்.

ஆக, நீங்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் டோர்செட் ரோட்டில் இருக்கும் கிறைஸ்ட் சர்ச். தமிழ் ஆங்கிலிக்கன் சபை. பொங்கோலிலிருந்து வடகிழக்குப் பாதையில் ரயில் மாறாமல் ஃபேரர் பார்க் வந்துவிடலாம். ஆராதனை முறையின் வரிசை உங்களுக்குப் பெரும்பாலும் தெரிந்ததாகவே இருக்கும்: பாவ அறிக்கை, வேதபாடம், விசுவாசப்பிரமாணம், பிரசங்கம், திருவிருந்து. ஒன்று மட்டும் குறையும். ஊரில் சமாதானம் கொடுக்கும்போது குருவானவர் கையிலிருந்து தொடங்கி, ஒருவர் குவித்த கைகளுக்குள் மற்றவர் கைகளை வைத்து, வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போகுமே, அது. சி.எஸ்.ஐ. ஆராதனை முறையை எழுதியவர்கள் கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் அது. இங்கே பல இடங்களில் கை குலுக்குவதோடோ, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தலையசைப்பதோடோ முடிந்துவிடும். முதல் ஞாயிறு நான் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினேன். பக்கத்திலிருந்த பெரியவர் அதில் என்ன வைப்பது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்.

ஆங்கிலிக்கன் என்றதும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரலை ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். சேருவதற்காக இல்லை, சுவரைப் பார்ப்பதற்காக. 1862-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கட்டடம். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள் கட்டியது. அந்தப் பளபளப்பான பூச்சுக்கு மெட்ராஸ் சுண்ணாம்பு என்று பெயர்: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சீனி எல்லாம் அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்தது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவருக்கு அந்த வழுவழுப்பு உடனே தெரியும். வெள்ளைக்காரர் கோயில் என்று ஒதுங்கி நிற்க அவசியமில்லை என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்தது மெதடிஸ்ட். இங்கே தமிழ்ச் சபைகளின் எண்ணிக்கையில் இவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். 1885-ல் இந்த மிஷன் சிங்கப்பூருக்கு வந்தது இந்தியா வழியாகத்தான். தொடங்கிய வில்லியம் ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். இரண்டே வருடத்தில் தமிழ் வேலையும் ஆரம்பித்தது. ஷார்ட் ஸ்திரீட்டில் இருக்கும் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை தன் வயதை 1887-லிருந்து கணக்கிடுகிறது. அப்புறம் செம்பவாங், சிலேத்தார், பாசிர் பாஞ்சாங், தோ பாயோ, ஜூரோங் என்று பல பேட்டைகளில் தமிழ் மெதடிஸ்ட் சபைகள் இருக்கின்றன. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம், சிலேத்தாரில் விமானத் தளம். தமிழர்கள் வேலை பார்த்த இடத்திலேயே கோயிலும் முளைத்தது. இங்குள்ள மெதடிஸ்ட் சபை நிர்வாகத்துக்கு ஆங்கிலம், சீனம், தமிழ் என்று மூன்று ஆண்டு மாநாடுகள் உண்டு. தமிழுக்கானது இம்மானுவேல் தமிழ் ஆண்டு மாநாடு. போதகர்களை நியமிப்பதும் மாற்றுவதும் அந்த மட்டத்தில் நடக்கும். நல்ல போதகர் என்று மனம் ஒட்டிப்போன பிறகு அவரை வேறு பேட்டைக்கு மாற்றுவார்கள். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சபை ஒரே மனிதரின் சொத்தாக ஆகாமல் இருப்பதற்கு அதுவே காப்பு. இதன் அருமை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

மெதடிஸ்ட் ஆராதனை உங்களுக்குக் கொஞ்சம் தளர்வாகத் தெரியும். பாமாலையும் உண்டு, கீர்த்தனையும் உண்டு, கிட்டார் வைத்த பாட்டும் உண்டு. பிரசங்கம் நீளம். திருவிருந்தில் மதுவில்லாத திராட்சைச் சாறு கொடுப்பார்கள். 1869-ல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் சாறு புளிக்காமல் காக்கும் வழியைக் கண்டுபிடித்தது திருவிருந்துக்காகத்தான். நம்முடைய வேதாகமத் தமிழில் 'திராட்சரசம்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்திவிடுவதால், கிண்ணத்தில் இருப்பது எது என்று நம் ஊர்க்காரர் பலர் யோசிப்பதே இல்லை.

கத்தோலிக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேள்வியில் அதையும் ஒரு தெரிவாக எழுதியிருக்கிறீர்கள், அது மற்றவற்றைப் போன்ற மாற்றம் இல்லை. ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து மாதா கோயில் 1888-ல் திறந்தது, பிரான்ஸில் இருக்கும் லூர்து பசிலிக்காவின் சாயலில் கட்டியது, தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகவே எழுப்பியது. பிப்ரவரியில் திருவிழா. தமிழ்ப் பூசைக்கு இன்றும் கூட்டம் நிற்கும். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டே பூசைக்கு வருகிறவர்களைப் பார்க்கலாம். கிறைஸ்ட் சர்ச், ஷார்ட் ஸ்திரீட், ஓஃபிர் ரோடு, மூன்றுமே தேக்காவிலிருந்து நடை தூரம் என்பதைக் கவனியுங்கள். நம் ஆட்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதற்குச் சாட்சி வேறு வேண்டியதில்லை.

அங்கே போனால் முதலில் தடுமாறுவது வார்த்தைகளில். நாம் கர்த்தர் என்றால் அவர்கள் ஆண்டவர். நமக்குப் பரிசுத்த ஆவி, அவர்களுக்குத் தூய ஆவி. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆகும், திடப்படுத்தல் உறுதிப்பூசுதல் ஆகும், லெந்து நாட்கள் தவக்காலம் ஆகும். வாசிக்கும் வேதமும் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு; நம் காதுக்குப் பழகிய பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் இல்லை. இதெல்லாம் மூன்று மாதத்தில் பழகிவிடும். பழகாத இடம் நற்கருணை. கத்தோலிக்கர் அல்லாதவர் அதை வாங்கக் கூடாது. வரிசையில் போய், இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்தால், குருவானவர் ஆசீர் மட்டும் கொடுப்பார். அது அவமதிப்பு இல்லை, அவர்கள் ஒழுங்கு. நான் கல்யாணமான புதிதில் இது தெரியாமல் கையை நீட்டினேன், மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். இன்றும் வருடத்துக்கு நான்கைந்து தடவை அவளோடு ஓஃபிர் ரோட்டுக்குப் போகிறேன், கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு மரபு இருந்தால் எல்லாம் சரியாகப் போகும் என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸ் இரவில் யார் எங்கே போவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

சனிக்கிழமையானால் உங்கள் அலுவலக நண்பர்கள், இந்துக்கள்கூட, நொவீனா கோயிலுக்குப் போகிறோம் என்பார்கள். அது செயின்ட் அல்போன்சஸ் கோயில். ரயில் நிலையத்துக்கே அந்த வழிபாட்டின் பெயர்தான். போய் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

சரி, பெந்தெகொஸ்தே. உங்கள் வீட்டின் உண்மையான முடிச்சு இங்கேதான் இருக்கிறது, எனவே நேராகவே சொல்கிறேன். ஏ.ஜி. என்கிற அசெம்பிளீஸ் ஆஃப் காட் போன்ற பெரிய அமைப்புகளும், ஒரே போதகரைச் சுற்றி ஐம்பது பேர் கூடும் சின்னச் சபைகளும் இந்த ஒரே பெயருக்குள் அடங்கும். பரிசுத்த ஆவியின் அபிஷேகம், அந்நிய பாஷை, சுகமளிக்கும் ஜெபம் ஆகியவை அவர்கள் அழுத்திச் சொல்பவை. குழந்தைக்குத் தெளித்த தண்ணீரை அவர்கள் ஞானஸ்நானமாக எண்ணுவதில்லை. விசுவாசித்தபின் மூழ்கி எடுக்க வேண்டும். பாப்டிஸ்ட், பிரதரன் சபைகளும் இந்த விஷயத்தில் அப்படித்தான்.

இதை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். உங்கள் மனைவி பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றிருந்தால், ஆங்கிலிக்கனோ மெதடிஸ்டோ அதை அப்படியே ஏற்பார்கள், மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். உங்கள் பாளையங்கோட்டை ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கரும் ஏற்பார்கள். ஆனால் நீங்கள் பெந்தெகொஸ்தே சபையில் உறுப்பினராக வேண்டுமென்றால், உங்களை மூழ்கச் சொல்வார்கள். அதாவது ஒரு பக்கம் போனால் இருவருக்கும் எதுவும் மாறாது, மறுபக்கம் போனால் உங்கள் அம்மா உங்களைக் கையில் ஏந்தி நின்ற அந்த ஞாயிறு கணக்கில் சேராது என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். மனதாரச் செய்ய முடிந்தால் செய்யுங்கள். மாமனார் வீட்டுக்காகச் செய்யாதீர்கள். இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் ஒரு பிரிவும் உண்டு; மனைவி அந்த வழியென்றால் சேரும் முன் போதகரிடம் சொல்லிவிடுங்கள்.

நான் பெந்தெகொஸ்தே எதிர்ப்பாளன் இல்லை. வந்த புதிதில் ஒரு சின்ன ஜெபக்கூட்டம்தான் என்னைத் தூக்கி நிறுத்தியது. ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் நான்காவது மாடி, கீழே பெயர்ப் பலகைகூடக் கிடையாது, சரக்குத் தூக்கியில் ஏறித்தான் போக வேண்டும். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஆறாவது மாதம் அந்தப் போதகர் தசமபாகத்தைச் சரிபார்க்கச் சம்பளச் சீட்டைக் கேட்டார். பிடித்தம் போகவா, முழுச் சம்பளத்திலா என்று அரைமணி நேரம் விசாரணை. அப்புறம், ஊர் நண்பர்களோடு வேறு கோயிலுக்குப் போனது ஏன் என்று கேட்டார். கணக்கு எங்கே என்று நான் ஒரு தடவை கேட்டேன். அடுத்த வாரம் பிரசங்கம் முழுவதும் முறுமுறுப்பவர்களைப் பற்றி. அவருக்கு மேலே கேள்வி கேட்க ஒரு ஆளும் இல்லை. போதகரை இடம் மாற்றும் அமைப்பின் அருமை அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் எந்தப் பெயர்ப் பலகையானாலும் இதைப் பாருங்கள். சிங்கப்பூரில் அறநிறுவனமாகப் பதிவான சபைகள் ஆண்டறிக்கையும் வரவுசெலவும் தாக்கல் செய்ய வேண்டும். அறநிறுவனங்களுக்கான அரசு இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால் விவரம் வரும். ஐந்து நிமிட வேலை. அதேபோல, வெளிநாட்டிலிருந்து வரும் ஊழியர் இங்கே மேடையேறிப் பிரசங்கிக்க மனிதவள அமைச்சின் தனி அனுமதி வேண்டும். சுற்றுலாவுக்கு வந்த ஊர் ஊழியரைச் சத்தமில்லாமல் வீட்டுக் கூட்டத்தில் பேசவைக்கும் குழு, மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருக்கும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லுத்தரன் என்றால் ஊரில் டி.இ.எல்.சி. என்கிற தமிழ் லுத்தரன் திருச்சபை, 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் வழி. இங்கே லுத்தரன் சபை உண்டு. பிரஸ்பிட்டேரியன் பெரும்பாலும் சீனமும் ஆங்கிலமும். மார்த்தோமா, ஆர்த்தடாக்ஸ் சிரியன் சபைகளில் மலையாளம் ஓங்கி நிற்கும். செவந்த் டே சனிக்கிழமை கூடும். சால்வேஷன் ஆர்மியும் இருக்கிறது, 1935 முதல்.

இனி, சபை மரபைவிட எனக்கு முக்கியமாகப் படும் விஷயம்: மகளின் மொழி. இப்போது மூன்று வயது. பாலர் பள்ளியில் இரண்டு வருடம் போனால் அவள் உங்களுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். தமிழ்ச் சபைகள் இதை நன்றாக அறிந்தவை, அதனால் பல இடங்களில் ஆங்கில ஆராதனையோ ஆங்கில ஞாயிறு பள்ளியோ சேர்ந்தே நடக்கும். அங்கே போய் ஆசிரியையிடம் கேளுங்கள்: பாட்டு எந்த மொழியில், கதை எந்த மொழியில், பத்து வயதுக்கு மேலே எத்தனை பிள்ளைகள் மிச்சமிருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் உங்களுக்கு நிறைய சொல்லும். பெரிய ஆங்கிலச் சபைக்குப் போனால் பிள்ளைக்கு நண்பர்கள் கிடைப்பார்கள், உங்கள் அம்மா ஊரிலிருந்து மூன்று மாதம் வந்து தங்கும்போது அவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். எது கனமான நஷ்டம் என்பதை நீங்கள் இருவரும்தான் எடை போட வேண்டும். நாங்கள் தமிழை எடுத்தோம். பெரியவன் இன்று ஆங்கில ஆராதனைக்குப் போகிறான், ஆனால் கர்த்தருடைய ஜெபம் தமிழில்தான் சொல்கிறான்.

இன்னொரு இடத்தையும் பார்க்கச் சொல்வேன்: ஆராதனை முடிந்தபின் சாப்பாட்டு மேசை. பிரசங்கத்தில் எல்லாரும் சகோதரர்தான். கீழே மண்டபத்தில் பீஹூனும் கோழிக் கறியும் தட்டில் விழுந்ததும் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள். மூன்று நான்கு தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பங்கள் ஒரு மேசை, எங்களைப் போல ஊரிலிருந்து வந்த அலுவலக ஆட்கள் ஒரு மேசை, தங்குவிடுதியிலிருந்து பேருந்து மாறி மாறி வந்த தம்பிகள் வாசலோரம் தட்டைக் கையில் ஏந்தியபடி. எல்லாச் சபையிலும் இது கொஞ்சம் இருக்கும். வாசலோரம் நிற்கும் அந்தத் தம்பியை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்களா என்பதுதான் நான் பார்ப்பது. நான் இப்போதிருக்கும் தமிழ் மெதடிஸ்ட் சபையில் ஒரு பாட்டி அதைச் செய்தார். "தம்பி, நின்னுக்கிட்டு சாப்பிடாத, இங்க வா" என்றார். நான் தங்கியது அதனால்தான், மெதடிஸ்ட் மரபைத் தொடங்கிய வெஸ்லியின் போதனையை ஆராய்ந்து அல்ல.

ஒரு யோசனை. கிறைஸ்ட் சர்ச் இரண்டு ஞாயிறு, உங்களுக்கு அருகில் இருக்கும் தமிழ் மெதடிஸ்ட் சபை இரண்டு ஞாயிறு, மனைவிக்குப் பிடித்த ஒரு பெந்தெகொஸ்தே சபை இரண்டு ஞாயிறு. ஆறு வாரம். அதில் ஒன்றாவது திருவிருந்து ஞாயிறாக இருக்கட்டும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களில் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கல்யாண வீட்டில் பார்த்த மனிதரை வைத்து வீட்டை எடைபோடுவது போல ஆகிவிடும். ஆராதனை நேரங்கள் மாறும், சனிக்கிழமையே அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரம் உங்கள் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா, ஒரு வாரம் வராமல் போனால் யாராவது செய்தி அனுப்புகிறார்களா என்று பாருங்கள். மனைவி சொல்லும் காரணங்களை நடுவில் வெட்டாமல் கேளுங்கள். என் வீட்டில் அதைச் செய்ய எனக்குப் பத்து வருடம் பிடித்தது.

சேருவது என்று முடிவானால் ஊரிலிருந்து இரண்டு காகிதம் வேண்டும்: உங்கள் மூன்று பேருடைய ஞானஸ்நானச் சான்றிதழ், சேகர குருவானவர் தரும் மாற்றல் கடிதம். திடப்படுத்தல் சான்றிதழ் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போதே அம்மாவிடம் சொல்லிவையுங்கள், சேகர அலுவலகத்தில் பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க நாளாகும். வந்ததும் லேமினேட் செய்துவிடாதீர்கள். நான் செய்தேன், பின்னால் இங்கே முத்திரை குத்தக் கொடுத்தபோது அலுவலகத்தில் இருந்த பெண்மணி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மையே ஒட்டாதே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.